லாக்பேக்கில் நாள், அளவு இரண்டையும் சேர்த்து லாக் ஃபைலைப் பிரிப்பது எப்படி? ஒரே ஃபைல் 17.6 ஜிபி ஆகி சர்வர் நின்றுவிட்டது

குன்னத்தூரான் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்விதான். நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் எங்கே தப்பு என்று பிடிக்க முடியும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஒரு பார்சல் சர்வீசுக்கு எல்ஆர் (லாரி ரசீது) போடும் சாஃப்ட்வேரை நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பிரிங் பூட் 2.7, ஜாவா 11, டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ், நடப்பதையெல்லாம் லாக்காகப் பதிந்துவைப்பது லாக்பேக் லைப்ரரி. எல்லாம் ஒரே உபுண்டு சர்வரில், 40 ஜிபி டிஸ்க், ஒரே பார்ட்டிஷன். திருப்பூரில் பனியன் பண்டல்கள் சாயங்காலத்துக்கு மேல்தான் குடோனுக்கு வந்து குவியும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடிய விடிய லோடு ஏற்றுவார்கள். எங்களுக்குப் பகலைவிட இரவுதான் உயிர்நாடி.

போன ஞாயிறு விடிகாலை 4.45க்கு குடோனிலிருந்து போன். "எல்ஆர் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு, பிரிண்ட் வரல" என்றார்கள். சர்வருக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம். போஸ்ட்கிரஸ் விழுந்து கிடந்தது. மூன்று லாரிகள் லோடு ஏறி, தார்ப்பாய் கட்டி நிற்கின்றன. எல்ஆர் இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. குடோனில் இருந்த பெரியவர் பழைய எல்ஆர் புத்தகத்தைத் தேடி எடுத்து, கார்பன் வைத்து ஒவ்வொன்றாகக் கையால் எழுதினார். கடைசி வண்டி கிளம்பும்போது மணி ஆறரை. அவருக்கு 60 வயதுக்கு மேல். அந்த நேரத்தில் அவரை அப்படி உட்கார வைத்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

டிஸ்க்கை நிரப்பியது லாக். ஒரே ஃபைல், 17.6 ஜிபி. பண்டல் ஏறியதும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை ஒன்று பின்னால் ஓடுகிறது. எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வர் அன்று இரவு இணைப்பையே ஏற்கவில்லை. எங்கள் கோடு தோற்ற நொடியே மறுபடி முயன்றிருக்கிறது, இடைவெளியே விடாமல். ஒவ்வொரு முறையும் முழு ஸ்டாக் டிரேஸ் (எரர் கோடில் எந்த வழியாக வந்தது என்று காட்டும் நீண்ட பட்டியல்). அந்த ரீட்ரையை அன்றைக்கே சரி செய்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளி இரட்டிப்பாகும், எட்டு முறையோடு நின்றுவிடும். ஆனால் நாளைக்கு வேறொன்று இப்படிக் கத்த ஆரம்பிக்கலாம். லாக் எவ்வளவு கத்தினாலும் டேட்டாபேஸ் நிற்கக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கேள்வி.

என்னிடம் இருந்த லாக்பேக் எக்ஸ்எம்எல்லில் ரோலிங்ஃபைல்அப்பெண்டர், அதற்குள் டைம்பேஸ்டுரோலிங்பாலிசி, பெயர் பேட்டர்ன் எல்ஆர்.%டி.லாக்.ஜிஇசட் (%டி இடத்தில் தேதி வரும், ஜிஇசட் என்றால் சுருக்கிய ஃபைல்), எவ்வளவு பழையதை வைத்திருப்பது என்று சொல்லும் மேக்ஸ்ஹிஸ்டரி 30. வழக்கமான நாளில் ஒரு ஃபைல் 180 எம்பி வரும், சுருக்கிய பின் 12 எம்பி. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை முதல் நான் முயன்றது இது. முதலில் அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸில் மேக்ஸ்-ஃபைல்-சைஸ் 100 எம்பி என்று போட்டேன். எந்த மாற்றமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பிறகு எக்ஸ்எம்எல்லில் பாலிசியின் பெயரை சைஸ்அண்ட்டைம்பேஸ்டுரோலிங்பாலிசி என்று மாற்றி, மேக்ஸ்ஃபைல்சைஸ் 100 எம்பி சேர்த்தேன். சர்வீஸ் எழவே இல்லை. "லாக்பேக் கான்ஃபிகரேஷன் எரர் டிடெக்டட்" என்று சொல்லி நின்றுவிட்டது. இரவு லோடுக்கு நேரமாகிவிட்டதால் பழைய பாலிசிக்கே திரும்பி, பேட்டர்னில் மணியையும் சேர்த்து, மணிக்கொரு ஃபைலாக ஆக்கினேன். அது ஓடியது.

ஆனால் வியாழக்கிழமை இரவு ஒரு கடைக்காரர், செவ்வாய்க்கிழமை போட்ட பண்டல் பற்றிக் கேட்டார். லாக்கைத் தேடினால் புதன் சாயங்காலத்திலிருந்துதான் இருக்கிறது. மேக்ஸ்ஹிஸ்டரி 30 அப்படியேதான் இருக்கிறது. முப்பது நாள் எங்கே போனது?

இன்னும் இரண்டு விஷயம் புரியவில்லை. சனி இரவு 12 மணி தாண்டியபோது அந்த ஃபைல் ஏன் ரோல் ஆகவில்லை, அதாவது பழையதை மூடிப் புது ஃபைல் ஏன் தொடங்கவில்லை? ஆகியிருந்தால் பாதியாவது சுருங்கியிருக்கும். இன்னொன்று, அந்தப் பெரிய ஃபைலில் முதல் எரர் வரியில் நேரம் 17:42. ஆனால் மாலை 5.42க்கு எஸ்எம்எஸ் ஒழுங்காகத்தான் போனது. இரவு பத்து மணி வரை வந்ததாகக் கடைக்காரர்களே சொல்கிறார்கள். கடைசி வரி 23:10. அதாவது 11.10க்கே லாக் நின்றுவிட்டது. ஆனால் குடோனில் கடைசியாகப் பிரிண்ட் ஆன எல்ஆரில் 4.38 என்று இருக்கிறது. நடுவில் உள்ள லாக் எல்லாம் எங்கே?


பழைய_ஜாவாக்காரி பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

உங்கள் லாக் எங்கேயும் தொலையவில்லை. 23:10க்கும் 4.40க்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரை மணி நேரம். சர்வர் யுடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) ஓடுகிறது. பிரிண்டில் வருவது குடோன் கம்ப்யூட்டரின் நேரம், லாக்கில் வருவது சர்வரின் நேரம். எஸ்எம்எஸ் உண்மையில் தோற்க ஆரம்பித்தது இரவு 11.12க்கு. டிஸ்க் நிரம்பியது விடிகாலை 4.40க்கு. கடைக்காரர்கள் சொன்னது சரி.

நள்ளிரவில் ரோல் ஆகாததற்கும் இதுதான் காரணம். லாக்பேக்குக்கு நாள் மாறுவது யுடிசி நள்ளிரவில், நம் நேரத்துக்குக் காலை 5.30க்கு. இன்னும் ஐம்பது நிமிடம் தாக்குப் பிடித்திருந்தால் ஃபைல் ரோல் ஆகியிருக்கும். ஆனாலும் அதனால் பயன் இருந்திருக்காது. சுருக்கும்போது பழைய ஃபைலும் புது ஜிஇசட்டும் கொஞ்ச நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். 17 ஜிபியைச் சுருக்கி முடித்துப் பழையதை அழிக்கும்வரை அதற்கும் இடம் வேண்டும்.

சரி, மற்றவை.

ப்ராப்பர்ட்டீஸில் போட்டது ஏன் ஏறவில்லை என்றால், அந்த அமைப்புகள் ஸ்பிரிங் பூட் தானே கட்டிக்கொள்ளும் லாக்பேக் அமைப்புக்கானவை. நீங்கள் சொந்த எக்ஸ்எம்எல் வைத்த பிறகு ரோலிங் சம்பந்தமான எதையும் அங்கிருந்து அது எடுப்பதில்லை. இரண்டில் ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். ப்ராப்பர்ட்டீஸில் இப்போது போட்டதை அழித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் பார்க்கும் யாரோ 100 எம்பி வரம்பு இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

சர்வீஸ் எழாததற்குக் காரணம் பேட்டர்னில் %ஐ இல்லாதது. நாளும் அளவும் சேர்ந்த பாலிசியில் ஒரே நாளுக்குப் பல ஃபைல்கள் வரும். அவற்றுக்குப் பெயர் வைக்க எண் வேண்டும், அதுதான் %ஐ. பூஜ்யத்தில் தொடங்கும். அது இல்லாவிட்டால் லாக்பேக் எரர் என்கிறது, லாக்பேக்கில் எரர் இருந்தால் ஸ்பிரிங் பூட் எழ மறுக்கிறது. நீங்கள் சொன்ன அந்த வரிக்குக் கீழேயே %ஐ இல்லை என்று எழுதியிருக்கும், ஜர்னலில் (சர்வரின் சிஸ்டம் லாக்) கொஞ்சம் இறங்கிப் பாருங்கள். உங்கள் பேட்டர்ன் இப்படி இருக்க வேண்டும்: எல்ஆர்.%டி.%ஐ.லாக்.ஜிஇசட்.

இப்போது முப்பது நாள் கதை. இதில் மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. மேக்ஸ்ஹிஸ்டரி எண்ணுவது நாளை அல்ல, ஃபைலையும் அல்ல. பேட்டர்னில் உள்ள %டிக்குள் எது மிகச் சிறிய அலகோ அதை எண்ணுகிறது. தேதி மட்டும் இருந்தால் 30 என்பது முப்பது நாள். மணியைச் சேர்த்த அடுத்த நொடி அதே 30, முப்பது மணி நேரமாகிவிடும். வியாழன் இரவிலிருந்து முப்பது மணி பின்னால் போனால் புதன் சாயங்காலம்தான். நிமிடம் வரை போனால் அரை மணி நேர லாக்தான் மிஞ்சும். இதனால்தான் பேட்டர்னில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தில் கண்ணாக இருக்கச் சொல்கிறேன். ஆங்கிலப் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். ஒருமுறை எங்கள் பிராஜெக்டில் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சின்ன எம் போட்டுவிட்டார்கள். பெயரைப் பார்த்தால் தேதி மாதிரியேதான் இருந்தது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு ஃபைல், அரை மணிக்கு முந்தையது எதுவும் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் பணம் எங்கே நின்றது என்று நான்கு நாள் பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு தேடினோம். லாக் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

ஆகவே நாள் என்பது தேட வசதிக்கு. ஒரு ஃபைலின் அளவு என்பது திறந்து படிக்க வசதிக்கு, 17 ஜிபி ஃபைலைத் திறக்கச் சாதாரண எடிட்டர்கள் திணறும். இரண்டுமே டிஸ்க்கைக் காப்பாற்றாது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் நீங்கள் கேட்டது "நாளும் அளவும்", உங்களுக்கு வேண்டியதோ மூன்றாவதாக ஒன்று. மேக்ஸ்ஃபைல்சைஸ் 100 எம்பி என்று போட்டிருந்தாலும் அன்று இரவு 176 ஃபைல்கள் வந்திருக்கும், அவ்வளவுதான். நொடிக்கு 0.9 எம்பி வேகத்தில் எழுதியிருக்கிறது, இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஃபைல். ஒரே ஸ்டாக் டிரேஸ் திரும்பத் திரும்ப வந்ததால் நன்றாகச் சுருங்கித் தப்பித்திருப்பீர்கள். வேறு வகை வரியாக இருந்தால் சுருங்காது. டிஸ்க்குக்குக் கூரை போடுவது டோட்டல்சைஸ்கேப் மட்டும்தான்.

அதற்கு இரண்டு நிபந்தனை. மேக்ஸ்ஹிஸ்டரி இல்லாமல் டோட்டல்சைஸ்கேப் வேலை செய்யாது, இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். முதலில் காலக்கெடு தாண்டியவை போகும், அப்புறம்தான் மொத்த அளவு பார்க்கப்படும். இரண்டாவது, அந்தக் கணக்கில் வருவது ரோல் ஆகி ஒதுங்கிய ஃபைல்கள் மட்டும். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் அதற்கு வெளியே. 3 ஜிபி கேப் என்றால் அதோடு நடப்பு ஃபைலின் 100 எம்பி, சுருக்கும்போது தேவைப்படும் இடம், எல்லாம் சேர்த்து மூன்றரை ஜிபி ஒதுக்குங்கள். 100 எம்பி என்பதையும் பாறையில் செதுக்கியதாக எடுக்க வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் ஃபைல் அளவைப் பார்த்தால் வேகம் குறையும் என்று லாக்பேக் இடைவெளி விட்டுத்தான் பார்க்கிறது. 103, 105 என்று வந்தால் பயப்பட வேண்டாம்.

பார்சல் தொழிலில் புகார் எவ்வளவு நாள் கழித்து வரும்? இரண்டு மாதம் கழித்தும் வரும் என்றால் மேக்ஸ்ஹிஸ்டரியை 90 வையுங்கள். உங்கள் கணக்குப்படி நாளுக்கு 12 எம்பி, 90 நாளுக்கு 1.1 ஜிபிக்குள். டோட்டல்சைஸ்கேப் 3 ஜிபி தாராளம்.

ஆனால் இங்கே ஒரு வலி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கேப் நிறைந்ததும் லாக்பேக் அழிப்பது மிகப் பழையதை. அன்று போல எஸ்எம்எஸ் கத்தினால் அந்தக் குப்பை உள்ளே வந்து, இரண்டு மாதம் முன் போட்ட எல்ஆர் வரலாறு வெளியே போகும். டிஸ்க் பிழைத்துவிடும், உங்களுக்கு வேண்டிய லாக் செத்துவிடும். அதனால் எஸ்எம்எஸ் கிளாஸ்களின் லாகரைத் தனி அப்பெண்டருக்கு (லாக்பேக்கில் ஃபைலில் எழுதும் பகுதி) திருப்பி, தனி ஃபைலில் எழுதுங்கள். அடிட்டிவிட்டியை ஃபால்ஸ் ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இரண்டு ஃபைலிலும் வரும். அதற்கு 7 நாள், 300 எம்பி போதும். அந்த அப்பெண்டரின் பேட்டர்னில் ஸ்டாக் டிரேஸை முதல் பத்து வரியோடு வெட்டும்படியும் சொல்லலாம். வெளியாருடைய சர்வரை நம்பியிருக்கும் எதுவும் இப்படித் தனியாக இருப்பது நல்லது.

டூப்ளிகேட்மெசேஜ்ஃபில்டர் என்று லாக்பேக்கிலேயே ஒன்று இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். அது ஒரே செய்தி ஐந்து முறைக்கு மேல் திரும்ப வந்தால் தடுக்கும். ஆனால் ஒப்பிடுவது, எண் போன்றவை வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு கோடில் எழுதிய மூல வாக்கியத்தை. "எல்ஆர் போடப்பட்டது, எண் இன்னது" என்று நீங்கள் எழுதும் வரியில் எண் ஒவ்வொன்றும் வேறாக இருந்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். உங்களுடைய மிக முக்கியமான வரியையே விழுங்கிவிடும்.

நேரத்துக்கு, பேட்டர்னில் %டிக்குள் தேதி வடிவத்துக்குப் பின் கமா போட்டு ஏசியா/கொல்கத்தா என்று மண்டலத்தைக் கொடுக்கலாம். ஃபைல் பெயருக்கும் கொடுங்கள், வரியில் வரும் நேரத்துக்கும் கொடுங்கள். ஜாவாவுக்கே நேர மண்டலத்தை மாற்றிவிடலாம் என்று தோன்றும். டேட்டாபேஸில் மண்டலம் இல்லாத நேரம் எங்காவது சேமித்திருந்தால் பழையதும் புதியதும் ஐந்தரை மணி நேரம் விலகிப் போகும், அதனால் லாக்கில் மட்டும் மாற்றுங்கள்.

ஆனால் இதை நினைவில் வையுங்கள், உங்கள் தொழிலுக்கு நாள் மாற மிக மோசமான நேரம் நள்ளிரவு. ஓர் இரவு லோடு இரண்டு ஃபைலில் உடையும். யுடிசியில் காலை 5.30க்கு மாறியது தற்செயலாக உங்களுக்கு வசதியாகவே இருந்திருக்கிறது. ஃபைல் பெயருக்கு யுடிசியையே விட்டுவிட்டு, வரியின் நேரத்துக்கு மட்டும் இந்திய நேரம் கொடுத்தால் ஓர் இரவு முழுதும் ஒரே தேதிக்குள் இருக்கும். நீங்கள் யோசித்து முடிவெடுங்கள்.

லைவில் போடும் முன் லேப்டாப்பில் சோதியுங்கள். மேக்ஸ்ஃபைல்சைஸ் 50 கேபி, பேட்டர்னில் நிமிடம் வரை, மேக்ஸ்ஹிஸ்டரி 3, டோட்டல்சைஸ்கேப் 200 கேபி. ஒரு லூப்பில் எழுதவிட்டு டைரக்டரியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.


தென்காசி_ஆப்ஸ் பதில்:

அக்கா லாக்பேக்கை முழுதாகச் சொல்லிவிட்டார். நான் சர்வர் பக்கம் மட்டும்.

அண்ணா, அன்றைக்கு ஃபைலை அழித்ததும் இடம் உடனே வந்ததா? பெரும்பாலும் வராது. ஜாவா அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை பெயர்தான் போகும், இடம் போகாது. ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியு கமாண்ட் குறைவாகக் காட்டும், டிஸ்க்கில் நிரம்பியதைச் சொல்லும் டிஎஃப் அதே 100 சதவீதம் காட்டும். ரீஸ்டார்ட் செய்தால்தான் விடும். திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டை +எல்1 போட்டு ஓட்டினால் இப்படி அழித்தும் சாகாத ஃபைல்கள் வரிசையாக வரும். அடுத்த முறை அழிக்க வேண்டாம். ட்ரங்கேட் கமாண்டில் அளவு பூஜ்யம் என்று கொடுங்கள், சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் வந்துவிடும். லாக்பேக் வழக்கமாக ஃபைலின் முனையில் சேர்த்து எழுதும் விதத்தில்தான் திறக்கிறது, அதனால் இதில் ஆபத்து இல்லை.

லாக்குக்குத் தனி பார்ட்டிஷன் கொடுத்துவிடுங்கள். இன்னொரு 5 ஜிபி வால்யூம் போதும். போஸ்ட்கிரஸ் தன் டபிள்யூஏஎல் ஃபைலை (மாற்றங்களை முன்கூட்டியே பதியும் ஃபைல்) எழுத இடம் இல்லாவிட்டால் தரவைக் கெடுக்காமல் இருக்க தானே நின்றுவிடும். அது செய்தது சரிதான். லாக் அதன் வீட்டுக்குள் இருந்ததுதான் தவறு. லாக்பேக்கில் யாராவது தப்பாகத் திருத்தினாலும் நிரம்புவது லாக் வீடு மட்டும்.

லாக்ரொடேட் (லாக் ஃபைல்களை வெளியிலிருந்து உருட்டும் லினக்ஸ் கருவி) போடலாமா என்று யாராவது கேட்டால், இரண்டில் ஒன்றுதான். லாக்பேக்கும் உருட்டி, லாக்ரொடேட்டும் உருட்டினால் வரிகள் காணாமல் போகும். இன்னொன்று, லாக்ரொடேட்டில் அளவு 100 எம்பி என்று எழுதினாலும் அது வழக்கமாக நாளைக்கு ஒரு முறைதான் ஓடிப் பார்க்கிறது. உங்கள் ஃபைல் ஐந்தரை மணி நேரத்தில் வளர்ந்தது. அது எழுந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.


மாட்டுத்தாவணி_பேக்எண்ட் பதில்:

இந்தத் திரியைப் பிறகு படிப்பவர்களுக்காக ஒன்று. லாக்பேக் அல்லாமல் லாக்ஃபார்ஜே 2 என்ற இன்னொரு ஜாவா லாக் லைப்ரரி வைத்திருப்பவர்கள் மேலே உள்ளதை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே டைம்பேஸ்டு, சைஸ்பேஸ்டு என்று இரண்டு ட்ரிகரிங் பாலிசியையும் ஒன்றாகப் போடலாம், அது எளிது. ஆனால் டிஃபால்ட்ரோல்ஓவர்ஸ்ட்ராட்டஜியில் மேக்ஸ் என்று ஒன்று, எதுவும் கொடுக்காவிட்டால் 7. பெயரில் தேதியும் எண்ணும் இருந்தால் அந்த 7 ஒரு நாளுக்கான ஃபைல்களின் எண்ணிக்கை. எட்டாவது வந்தால் அதே நாளின் முதல் ஃபைல் போய்விடும். நாங்கள் 7 என்பதை ஒரு வாரம் என்று நினைத்திருந்தோம். பரபரப்பான ஒரு நாளில் காலை லாக் மதியத்துக்குள் போயிருந்தது, பிரச்சினை நடந்ததே காலையில். அதே நேரம் பழைய நாள்களின் ஃபைல்களை அந்த எண் அழிக்கவே அழிக்காது. அதற்கு டெலீட் என்ற தனிப் பகுதி எழுதி, ஃபைல் பெயர், வயது, மொத்த அளவு எல்லாம் சொல்ல வேண்டும்.


குன்னத்தூரான் பதில்:

அக்கா, ஐந்தரை மணி நேரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் போய் டேட் கமாண்ட் அடித்துப் பார்த்தேன். யுடிசி. இரண்டு வருடமாக அந்த லாக்கைப் பார்க்கிறேன், பெரும்பாலும் கடைசி இருபது வரி மட்டுமே பார்த்ததால் நேரத்தைக் கவனிக்கவே இல்லை.

தென்காசி நண்பர் சொன்னதும் அப்படியேதான் நடந்தது. அன்று ஃபைலை அழித்தேன், டிஸ்க் அசையவில்லை. வேறு எதை அழிப்பது என்று தெரியாமல் கடைசியில் சர்வரையே ரீபூட் செய்தேன். அந்தப் பதினைந்து நிமிடம் மிச்சமாகியிருக்கும்.

லேப்டாப்பில் சோதனை செய்தேன். 50 கேபி, நிமிடம், 3, 200 கேபி. டைரக்டரியை நொடிக்கொருமுறை காட்டும்படி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 0, 1, 2 என்று வந்துகொண்டே இருந்தது. நிமிடம் மாறியதும் மறுபடி 0. மொத்தம் 200 கேபியைத் தாண்டிய சற்று நேரத்தில் மேலே இருந்த பழைய ஃபைல்கள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்ணால் பார்த்தேன். ஃபைல்கள் 50க்குப் பதில் 50, 58, 71 என்று வந்தன, நீங்கள் சொன்ன இடைவெளிதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு லூப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். பத்து நிமிடம் கழித்து வந்தால் எதுவும் ரோல் ஆகவில்லை. ஒரு வரி எழுதியதும்தான் ரோல் ஆனது. இது சரியா?

லைவில் மேக்ஸ்ஹிஸ்டரி 90, டோட்டல்சைஸ்கேப் 3 ஜிபி, எஸ்எம்எஸ்சுக்குத் தனி ஃபைல், லாக்குக்கு 5 ஜிபி தனி வால்யூம். ஃபைல் பெயரில் யுடிசி, வரியில் இந்திய நேரம். ஓர் இரவு லோடு ஒரே தேதியில் இருக்கும் என்று நீங்கள் சொன்னதைக் குடோன் பெரியவரிடம் கேட்டேன். அவருடைய எல்ஆர் புத்தகத்திலும் அப்படித்தானாம். விடிகாலை மூன்று மணிக்கு எழுதினாலும் முந்தைய நாள் தேதிதான் போடுவார், கடைசி வண்டி கிளம்பிய பிறகுதான் அவருக்குத் தேதி மாறும்.

நேற்று இரவு லோடு முடிந்து இன்று காலை பார்த்தேன். எல்ஆர்.2024-06-21.0, எல்ஆர்.2024-06-21.1, இரண்டும் சுருங்கி 12 எம்பி. முதல் வரி காலை 5.30க்குப் பின், கடைசி வரி இன்று காலை 5.29க்கு முன். ஆனால் பழைய ஃபைல்கள், எண் இல்லாதவை, மணிவாரியாக வந்தவை எல்லாம் இன்னும் டிஸ்க்கில் கிடக்கின்றன. 90 நாள் கழித்துத் தானாகப் போய்விடுமா?


பழைய_ஜாவாக்காரி பதில்:

போகாது தம்பி. லாக்பேக் பழைய ஃபைல்களைத் தேடுவது இப்போதைய பேட்டர்னை வைத்துத்தான். பெயர் ஒத்துப்போகாததை அது தன்னுடையது என்றே எண்ணாது, தொடாது, டோட்டல்சைஸ்கேப் கணக்கிலும் சேர்க்காது. எண் இல்லாத ஃபைல்களில் முந்தைய முப்பது நாள் எல்ஆர் வரலாறு இருக்கிறது, அதனால் அவற்றை இன்றைக்கே அழிக்காதீர்கள். பழைய என்று ஒரு டைரக்டரி போட்டு நகர்த்திவிட்டு, செப்டம்பர் கடைசியில் அழிக்க காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மணிவாரி ஃபைல்களும் அதே டைரக்டரிக்கே போகட்டும்.

வரி வந்தபின்தான் ரோல் ஆகிறது என்று நீங்கள் கண்டது சரியே. லாக்பேக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை, அடுத்த வரி வரும்போதுதான் நேரத்தைப் பார்க்கிறது. பழையதை அழிப்பதும் ரோல் ஆகும்போதுதான். உங்கள் சர்வீஸ் இரவு பகலாக ஓடுவதால் அதில் கவலை இல்லை. தினமும் சாயங்காலம் ஏற்றி, காலையில் நிறுத்தும் வேறு ஏதாவது புரோகிராம் உங்களிடம் இருந்தால் அதற்கு மட்டும் கிளீன்ஹிஸ்டரிஆன்ஸ்டார்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள்.

இந்தச் சர்வரில் இதே சாஃப்ட்வேரின் இரண்டாவது இன்ஸ்டன்ஸை (கூடவே ஓடும் இன்னொரு பிரதி) ஏற்றும் நாள் வந்தால், ஏற்றுவதற்கு முன் ஃபைல் பெயரில் போர்ட் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஃபைலில் எழுதினால், ஒன்று ரோல் செய்து சுருக்கி அழித்த ஃபைலிலேயே மற்றது எழுதிக்கொண்டிருக்கும். அந்த வரிகள் திரும்பி வராது.